விண்வெளி வீரர்களுக்கான காலணி: வடிவமைப்பும் மாதிரி உருவாக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலணி வடிவமைப்பு படிக்கும் மாணவர்களும், ஷூ தொழிலில் இருக்கும் நண்பர்களும், பள்ளிப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னவற்றை எண்ணிட்டுச் சுட்டுவதால், இந்தத் துறைக்குப் புதியவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. விண்வெளியில் மிதக்கத்தானே செய்கிறார்கள், அவர்களுக்குக் காலணி எதற்கு?

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் பெரும்பாலான நேரம் யாரும் காலணி அணிவதில்லை. காலுறை மட்டுமே போட்டுக்கொள்கிறார்கள். உள்ளங்காலில் எடை விழாததால் அங்கிருக்கும் தடித்த தோல் நாளடைவில் மென்மையாகி உரிந்துவிடுகிறது. வேலை செய்யும்போது உடலை ஓரிடத்தில் நிறுத்துவதற்காகக் கைப்பிடிக் கம்பிகளுக்கும் பட்டைகளுக்கும் அடியில் பாதத்தை நுழைத்துக்கொள்வதால், பாதத்தின் மேற்புறம்தான் உராய்ந்து காய்த்துப் போகிறது. ஆகவே நிலையத்துக்குள் அணிவதற்கு ஒன்றை வடிவமைப்பவர், வழக்கமாக உள்ளங்காலுக்கு வைக்கும் மெத்தையைப் பாதத்தின் மேற்புறத்தில் வைக்க வேண்டும்.

உடற்பயிற்சி இதற்கு விதிவிலக்கு. டிரெட்மில்லில் ஓடும்போது ரப்பர் வார்கள் வீரரைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. அப்போது பாதத்தில் மீண்டும் சுமை ஏறுவதால் ஓட்டக் காலணி தேவைப்படுகிறது.

2. அப்படியானால் "விண்வெளி வீரர் காலணி" என்று எதைத்தான் சொல்கிறீர்கள்?

ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன. முதலாவது, மேலே சொன்ன உள்ளறைக் காலுறையும் காலணியும். இரண்டாவது, புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் அணியும் அவசரகால அழுத்த உடையின் பூட்ஸ். ரஷ்யாவின் சோக்கோல் உடையில் அது உடையோடு சேர்ந்தே இருக்கிறது. போயிங் ஸ்டார்லைனர் கலத்தின் நீல நிற உடைக்கான பூட்ஸை ரீபாக் நிறுவனம் உருவாக்கி 2017இல் வெளிக்காட்டியது. மூன்றாவது, கலத்துக்கு வெளியே மிதந்தபடி வேலை செய்வதற்கான பூட்ஸ். நான்காவது, நிலவு போன்ற ஒரு தரையில் நடப்பதற்கான பூட்ஸ்.

மாதிரி செய்ய உட்காரும் எவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த நான்கில் எது என்பதைத்தான். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி நான்காவது வகையைப் பற்றியது, ஏனெனில் தீர்க்கப்படாத சிக்கல்கள் அங்கேதான் அதிகம்.

3. வெளியே மிதப்பவர்கள் கையால்தானே நகர்கிறார்கள், அந்த பூட்ஸுக்கு என்ன வேலை?

நகர்வதற்குக் கை, நிற்பதற்குக் கால். ஒரு போல்ட்டைத் திருகும்போது எதிர்விசையைத் தாங்க எதுவும் இல்லாவிட்டால் திருகுபவரே சுழலத் தொடங்குவார். அதற்காக நிலையத்தின் வெளிப்புறத்தில் கால்தாங்கிகளைப் பொருத்துகிறார்கள். பூட்ஸின் முன்பகுதியைத் தாங்கியில் உள்ள பட்டைக்கு அடியில் நுழைத்து, குதிகாலைத் திருப்பினால், குதிகாலில் உள்ள பிடி பூட்டிக்கொள்ளும். எனவே நாசாவின் நிலைய உடையில் உள்ள பூட்ஸ், நடையைக் கருதி வடிவமைக்கப்பட்ட பொருள் அல்ல. அதன் சோல் விறைப்பாக இருப்பது அங்கே குறையாகாது, தேவையே. அதே பூட்ஸை நிலவில் அணிந்து பத்து நிமிடம் நடந்தாலே கணுக்காலும் கெண்டைக்காலும் களைத்துப்போகும்.

4. ஆர்ம்ஸ்ட்ராங் உடையின் அடிப்பாகத்தில் அந்தக் கோடுகளே இல்லையே, பிறகு நிலவில் பதிந்த தடம் யாருடையது?

இணையத்தில் அதிகம் சுற்றும் கேள்வி இதுதான், ஆனால் விடை எளிது. அப்பல்லோ வீரர்கள் நிலவில் இரண்டு அடுக்காக அணிந்திருந்தார்கள். உடையோடு இணைந்த அழுத்த பூட்ஸ் உள்ளே இருந்தது. அதன் மேல், நிலவில் இறங்குவதற்கு முன் தனியாக ஒரு மேற்காலணியை மாட்டிக்கொண்டார்கள். குறுக்குக் கோடுகள் உள்ள சோல் அந்த மேற்காலணியில்தான் இருந்தது. அருங்காட்சியகத்தில் உள்ள உடையில் தெரிவது உள் பூட்ஸின் அடிப்பாகம்.

ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் திரும்பி வரும்போது எடையைக் குறைப்பதற்காக மேற்காலணிகளை நிலவிலேயே விட்டுவிட்டார்கள். பலரும் அறிந்த அந்தக் காலடித் தடப் படம், நிலவு மண் எப்படி அமுங்குகிறது என்று ஆராய்வதற்காக ஆல்ட்ரின் தன் தடத்தையே எடுத்த படம். அப்பல்லோ 17 பயணத்தில் யூஜின் செர்னன் அணிந்த மேற்காலணிகள் பூமிக்குத் திரும்பி வந்தன, இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன.

5. அந்த மேற்காலணியை எதைக் கொண்டு செய்தார்கள்?

உடையைத் தயாரித்தது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள ஐஎல்சி நிறுவனம். மேற்காலணியின் வெளிப்புறம் உலோக இழைகளால் நெய்த துணி. நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவையிலிருந்து இழுத்த இழை அது. சோல், வரிவரியான சிலிக்கோன் ரப்பர். நாக்குப் பகுதி, டெஃப்ளான் பூசிய கண்ணாடியிழைத் துணி. உள்ளே கேப்டன் (Kapton) என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலமும் கண்ணாடியிழைத் துணியும் மாறி மாறி 25 அடுக்குகள்.

கண்ணாடியிழைத் துணி அங்கே வந்ததற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். தூய ஆக்சிஜன் சூழலில் சாதாரணத் துணிகள் எவ்வளவு வேகமாக எரியும் என்பது அப்போது வெளிப்பட்டது. அதன் பிறகு வெளியடுக்குகளில் எரியாத பொருள்களே வேண்டும் என்ற விதி கடுமையானது. இன்றும் காலணி மாதிரிக்குப் பொருள் தேர்வு செய்யும்போது, மென்மைக்கும் உழைப்புக்கும் முன்னால் எரியும் தன்மையைப் பார்ப்பதுதான் முறை.

6. நல்ல மலையேற்ற பூட்ஸ் ஒன்றை வாங்கி வெப்பக்காப்பு சேர்த்தால் போதாதா?

போதாது. காரணம் அழுத்தம். உடையின் உள்ளே வாயு இருக்கிறது, வெளியே வெற்றிடம். நிலைய உடையின் உள்ளழுத்தம் சுமார் 29.6 கிலோபாஸ்கல், பூமியின் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு பாதத்தின் அடிப்பரப்பை 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த அழுத்தம் சோலை வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 590 நியூட்டன், அதாவது பூமியில் 60 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். 75 கிலோ நிறையுள்ள ஒருவரின் உடல் எடை நிலவில் பன்னிரண்டரை கிலோ அளவுக்குத்தான் தரையை அழுத்தும். உடையையும் முதுகுப் பெட்டியையும் சேர்த்தாலும் அந்த எண் முப்பதைத் தொடாது.

இந்த ஒப்பீட்டைப் புரிந்துகொண்டால் வடிவமைப்பின் பாதி புரிந்துவிடும். சோலின் வடிவத்தை முடிவு செய்வது அணிந்திருப்பவரின் எடையைவிட உள்ளிருக்கும் வாயுதான். விறைப்பான தகடு ஒன்று இல்லாவிட்டால் சோல் கீழ்நோக்கிப் புடைத்து உருண்டுவிடும். உருண்ட அடிப்பாகத்தின் மேல் யாரும் நிலையாக நிற்க முடியாது. கால் குழாயும் நீளத் தொடங்கும். அதனால் பாதம் சோலிலிருந்து விலகி, பூட்ஸுக்குள்ளேயே மேலே மிதக்கும்.

அதனால்தான் அழுத்த பூட்ஸில் வேலைகள் அடுக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. உள்ளே வாயுவைப் பிடித்து வைக்கும் காற்றுப்பை. பெரும்பாலும் யூரித்தேன் பூசிய நைலான். அதற்கு மேல், புடைப்பையும் நீட்சியையும் தாங்கும் பாலியெஸ்டர் கட்டுத்துணி. அதற்கும் மேல் வெப்பம், தூசி, நுண்விண்கற்கள் ஆகியவற்றைத் தடுக்கும் வெளியுறை. மலையேற்ற பூட்ஸில் முதல் இரண்டும் இல்லை. அவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ள இடமும் இல்லை.

7. சரி, இவ்வளவு இறுக்கமான ஒன்றில் கணுக்கால் எப்படி மடங்கும்?

நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டியூபை மடக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். மடங்கும் இடத்தில் உள்ளே இருக்கும் கொள்ளளவு குறைகிறது. வாயுவைச் சுருக்கும் வேலையை மடக்குபவரின் தசை செய்ய வேண்டியிருக்கிறது. கொள்ளளவு எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு உழைப்பு, ஒவ்வோர் அடிக்கும்.

தீர்வு, மடங்கினாலும் கொள்ளளவு மாறாத மூட்டு. முன்புறத் துணியில் மடிப்புகளை விட்டு, மடங்கும்போது அவை சுருங்க, பின்புற மடிப்புகள் அதே அளவு விரியுமாறு பேட்டர்ன் போடுகிறார்கள். மூட்டின் நடுக்கோட்டில் இரு பக்கமும் நீளாத வார்கள் ஓடும். அவை நீட்சி விசையை ஏற்றுக்கொள்வதால் மடிப்புகள் தளர்வாக இருக்க முடிகிறது. வார் கணுக்கால் எலும்பின் அச்சுக்கு நேராக அமைய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் முன்னால் போனாலும் பாதம் தானாகவே கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ திரும்பி நிற்கும். மாணவர்களின் மாதிரிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த வாரைத்தான்.

8. நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, பிறகு சோல் பிடிமானத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

எடை குறைகிறது, நிறை குறைவதில்லை. உடையோடு சேர்த்து 165 கிலோ நிறையுள்ள ஒருவர் ஓடிவந்து நிற்க முயலும்போது, நிறுத்த வேண்டியது அந்த முழு நிறையையும்தான். ஆனால் உராய்வு விசையோ தரையை அழுத்தும் எடையைப் பொறுத்தது. அது ஆறில் ஒரு பங்கு. எனவே நிற்பதற்கும் திரும்புவதற்கும் நிலவில் கூடுதல் தூரம் தேவைப்படுகிறது. அப்பல்லோ வீரர்கள் பலமுறை விழுந்தார்கள்; அப்பல்லோ 16 பயணத்தில் சார்லஸ் டியூக் உயரத் தாவிப் பார்த்து, முதுகுப் பெட்டியின் மேலேயே மல்லாந்து விழுந்தார்.

நடையும் மாறுகிறது. ஈர்ப்பு குறையக் குறைய, நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் வேகமும் குறைகிறது. பூமியில் அது விநாடிக்குச் சுமார் 2 மீட்டர். கணக்குப்படி நிலவில் 0.8 மீட்டர் வர வேண்டும். ஆனால் வில்போன்ற வளைவுப் பாதையில் பறந்து சில விநாடிகள் நிலவு ஈர்ப்பை உண்டாக்கும் பாரபோலா விமானச் சோதனைகளில் சுமார் 1.4 மீட்டர் என்று அளந்திருக்கிறார்கள். தாவித்தாவிச் செல்லும் நடையில் முன்பாதம்தான் அதிகம் வேலை செய்கிறது. ஆகவே சோல் வளையும் கோடு விரல்களின் அடிமூட்டில் சரியாக விழ வேண்டும். 2019இல் நாசா அறிமுகப்படுத்திய புதிய நிலவு உடையில் வளையும் சோலோடு மலையேற்றக் காலணி பாணியில் பூட்ஸ் வந்தது இதற்காகத்தான்.

9. உடையின் மற்ற பகுதிகளில் வேலை செய்யும் அந்தப் பளபளப்பான பல அடுக்குக் காப்பு, சோலில் மட்டும் ஏன் போதவில்லை?

அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களைப் பல அடுக்காக வைப்பது வெற்றிடத்தில் மிகச் சிறந்த வெப்பக்காப்பு. ஒவ்வொரு படலமும் வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. படலங்களுக்கு இடையே காற்று இல்லாததால் கடத்தலும் இல்லை. ஆனால் இது படலங்கள் ஒன்றையொன்று அழுத்தாமல் இருக்கும்வரைதான். மேலே ஒரு ஆள் ஏறி நின்றவுடன் அடுக்குகள் நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன, வெப்பம் நேரடியாகக் கடந்து போகிறது. கையிலும் முதுகிலும் அற்புதமாக வேலை செய்யும் அதே பொருள், உள்ளங்காலுக்கு அடியில் வெறும் படலக் கட்டாகிவிடுகிறது.

அப்பல்லோ மேற்காலணியின் சோலில் நோமெக்ஸ் என்ற தீத்தடுப்பு இழையை அழுத்திச் செய்த ஃபெல்ட் அடுக்குகளைச் சேர்த்ததற்குக் காரணம் இதுவே. ஃபெல்ட் நசுங்கினாலும் அதன் இழைகளுக்கிடையே உள்ள இடைவெளி முழுவதும் மறைவதில்லை. மாதிரி செய்பவர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: காப்புப் பொருளைத் தனியாக அளந்து கிடைத்த எண்ணை நம்பாதீர்கள், சுமை ஏற்றிய நிலையில், அதுவும் குதிகாலும் முன்பாதமும் அழுந்தும் இடங்களில் அளந்து பாருங்கள்.

நிலவின் தளர்ந்த மேல்மண்ணே வெற்றிடத்தில் ஒரு நல்ல வெப்பக்காப்பு என்பது நமக்குச் சாதகம். அதில் நிற்பவரின் சோலுக்கு வெப்பம் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். பாறையின் மேலோ இறுகிய மண்ணின் மேலோ நெடுநேரம் நின்றால்தான் ஆபத்து.

10. தென்துருவத்துக்குப் போகப்போகிறார்களாமே, அந்தக் குளிருக்கு எந்த ரப்பர் தாங்கும்?

நிலவின் துருவப் பள்ளங்களில் சூரிய ஒளி ஒருபோதும் விழாத இடங்கள் உண்டு. நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் அவற்றில் சில இடங்களில் மைனஸ் 240 டிகிரி செல்சியஸுக்கும் கீழே பதிவு செய்திருக்கிறது. அப்பல்லோ பயணங்கள் ஆறும் நிலவின் காலை நேரத்தில், வெளிச்சமுள்ள பகுதிகளில் இறங்கியவை. இந்தக் குளிரை அந்த பூட்ஸ்கள் சந்திக்கவே இல்லை.

எந்த ரப்பரும் தாங்காது என்பதுதான் நேர்மையான விடை. இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி அளவிலேயே கண்ணாடிபோல் விறைத்துவிடும். சிலிக்கோன் கிட்டத்தட்ட மைனஸ் 120 டிகிரியில் அந்த நிலையை அடையும். சாதாரண வகைகள் அதற்கு வெகுமுன்பே கடினமாகத் தொடங்கும். எனவே தரையைத் தொடும் பொருள் வளைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே கைவிட்டு, வளைவை உள்ளே, வெப்பம் காக்கப்பட்ட பகுதிக்குக் கொண்டுபோவது ஒரு வழி. இன்னொரு வழி, இழைகள். விறைத்த பொருளும் இழை மிக மெலிதாக இருந்தால் வளையும். கேள்வி 5இல் சொன்ன கண்ணாடியிழைத் துணி வளைவதன் இரகசியம் அதுதான். நெய்த அடிப்பாகம் தேய்மானத்தில் ரப்பருக்கு ஈடாகாது என்பது அதன் குறை, ஆனால் என் கணிப்பில் இதுவே நம்பிக்கை தரும் பாதை.

கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில், வியாழனின் யூரோப்பா போன்ற பனி நிலவுகளுக்கான கருவிகளைச் சோதிக்கக் கட்டிய சிட்டாடல் என்ற உறைகுளிர் அறை இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை அங்கே கையுறைகளையும் பூட்ஸையும் சுமார் மைனஸ் 213 டிகிரியில் சோதித்தார்கள். உடலின் மற்ற பகுதிகளைவிட விரல்களும் பாதமுமே முதலில் குளிரும் என்பதால் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள்.

11. தூசிதானே, தட்டிவிட்டால் போகாதா?

போகாது. நிலவில் காற்றும் நீரும் இல்லாததால் மண் துகள்களின் முனைகள் மழுங்குவதில்லை. நுண்விண்கற்களின் மோதலால் உருகி உறைந்த கண்ணாடித் துணுக்குகளும் அவற்றில் கலந்திருக்கின்றன. மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தால் துணிக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அப்பல்லோ 12 பயணத்தில் பீட் கான்ராடின் உடை, முதல் வெளிநடைக்குப் பிறகு நிமிடத்துக்கு 0.15 பிஎஸ்ஐ என்ற அளவில் கசிந்தது; இரண்டாவதுக்குப் பிறகு அது 0.25 ஆனது. பாதுகாப்பு வரம்பு 0.30. மூன்றாவது வெளிநடை ஒன்று திட்டமிடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வைக்கும் எண்கள் இவை.

பூட்ஸ் தூசிக்குள்ளேயே நடப்பதால் அதற்கு இரண்டு பாதுகாப்புகள் தேவை. ஒன்று, தையல்களையும் இணைப்புகளையும் தரையிலிருந்து உயர்த்தி வைப்பது. இன்னொன்று, கலத்துக்குள் நுழையும்போது வெளியிலேயே விட்டுவிடக்கூடிய மேலுறை. அந்த வகையில் அப்பல்லோவின் இரண்டடுக்கு முறை இன்றும் நல்ல யோசனைதான். மின்புலத்தால் தூசியை உதறும் நாசாவின் கருவி, 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் இறங்குகலத்தில் நிலவிலேயே வேலை செய்து காட்டியது. அது கண்ணாடிப் பரப்பிலும் தகட்டுப் பரப்பிலும் நடந்த சோதனை; ஒவ்வோர் அடியிலும் மடங்கி நசுங்கும் துணியில் அதையே செய்வது வேறு விஷயம்.

12. ஒவ்வொரு வீரருக்கும் அளவெடுத்துத்தான் செய்வார்களா?

அப்பல்லோ காலத்தில் உடைகள் வீரருக்கு வீரர் அளவெடுத்துச் செய்யப்பட்டன. நிலைய உடையில் சில நிலையான அளவுகளே உண்டு. உள்ளே செருகும் அட்டைகளாலும் மெத்தைகளாலும் இடைவெளியை நிரப்புகிறார்கள். மிதக்கும் வேலைக்கு அது சமாளிக்கும், நடைக்குச் சமாளிக்காது. கேள்வி 6இல் சொன்னபடி பாதம் சோலிலிருந்து விலகினால், ஒவ்வோர் அடியிலும் குதிகால் உள்ளே தனியாக எழும். தோல் உரிவதும் கொப்புளமும் அங்கேதான் தொடங்குகின்றன. பூமியில் காலணியைக் கழற்றிச் சரிசெய்யலாம். அங்கே வெளிநடை முடியும்வரை பல மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும்.

நின்ற நிலையில் எடுத்த பாத அளவு நடைக்குப் போதாது என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. அடியெடுத்து வைக்கும்போது பாதம் அகன்று, வளைவு தாழ்ந்து, மீண்டும் சுருங்குகிறது. நடக்கும்போதே பல கேமராக்களால் பாதத்தை முப்பரிமாணத்தில் படம் பிடிக்கும் முறையை விண்வெளி பூட்ஸுக்காகவே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். நம் பக்கத்தில், சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பாதங்களை ஸ்கேன் செய்து, நம் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளைவிட அகலமானவை என்று கண்டறிந்தது. இந்திய வீரர்களுக்காக வடிவமைக்கும் எவரும் அந்தத் தரவிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

13. எங்கள் ஊரில் தோல் காலணிதான் தொழில். தோலில் செய்ய முடியாதா?

வெற்றிடத்தில் முடியாது. தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட எண்ணெய்களும் வெற்றிடத்தில் ஆவியாகி வெளியேறும். தோல் சுருங்கி வெடிக்கும், வெளியேறிய ஆவி முகக்கவசத்திலும் கேமராக் கண்ணாடிகளிலும் படியும். வெற்றிடத்தில் பயன்படும் பொருளை 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துச் சோதிப்பது வழக்கம். அதன் நிறை 1 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, குளிர்ந்த பரப்பில் படிவது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோல் இதில் தேறாது.

ஆனால் தொழிலறிவு முழுவதும் பயன்படும். லாஸ்ட் (காலணியைச் செய்ய உதவும் கால் வடிவ அச்சு) வடிப்பது, அப்பருக்கு (காலணியின் மேற்பகுதிக்கு) பேட்டர்ன் போடுவது, வளைவான பரப்பில் சுருக்கமில்லாமல் துணியை இழுத்துப் பிடிப்பது இவையெல்லாம் பொறியியல் படித்தவர்களுக்கு எளிதில் வராத திறமைகள். அப்பல்லோ உடையைத் தயாரித்த ஐஎல்சி, பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்களுக்கான உள்ளாடை செய்துகொண்டிருந்த நிறுவனத்தின் ஒரு பிரிவு. உடைகளைத் தைத்தவர்கள் தையல் எந்திரத்தில் கை தேர்ந்த பெண்கள்.

14. கல்லூரிப் பட்டறையில் மாதிரி ஒன்று செய்ய வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

வெளியுறையிலிருந்து தொடங்காதீர்கள். பளபளப்பான வெளியுறையை முதலில் செய்துவிட்டு உள்ளே என்ன வைப்பது என்று தேடும் மாதிரிகளையே அதிகம் பார்க்கிறேன். பாதத்தின் முப்பரிமாண ஸ்கேனை எடுத்து, காலுறை, குளிரூட்டும் குழாய், மெத்தை ஆகியவற்றுக்கு இடம் கூட்டி, லாஸ்டை 3டி பிரிண்டரில் அச்சிடுங்கள். லாஸ்டுக்கும் சோல் வடிவம் பார்ப்பதற்கும் பிரிண்டர் மிகவும் நல்லது. காற்றுப்பைக்கு ஆகாது: அச்சடுக்குகளுக்கு இடையே நுண்துளைகள் இருக்கும், கசியும்.

காற்றுப்பையை யூரித்தேன் பூசிய நைலானில், வெப்பத்தால் ஒட்டிச் செய்ய வேண்டும். ஊசி போகும் இடமெல்லாம் துளை என்பதால் தையல் கட்டுத்துணிக்கு மட்டுமே. ஒட்டி முடித்துச் சிறிது காற்றேற்றி, சோப்புக் கரைசலைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். நேரான ஒட்டுகளில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் அடிப்பாக ஒட்டும் பின்புற ஒட்டும் சந்திக்கும் முனையில் மட்டும் குண்டூசித் தலையளவு குமிழ்கள் வரிசையாக எழும். துணி அங்கே மூன்று அடுக்காகி, ஒட்டப் பயன்படுத்தும் சூடான இரும்பின் வெப்பம் நடு அடுக்குவரை போகாததுதான் காரணம். அந்தச் சந்திப்பை இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏற்றி, ஒட்டுகளைச் சற்று விலக்கி அமைத்தால் தீரும்.

அடுத்து, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த கணுக்கால் மூட்டுள்ள போலிக்காலை உள்ளே வைத்து, 30 கிலோபாஸ்கல்வரை மெதுவாக ஏற்றி, எத்தனை டிகிரி மடங்க எவ்வளவு சுமை தொங்கவிட வேண்டும் என்று அளந்து வரைபடம் போடுங்கள். அழுத்தம் ஏற்றிய மாதிரிக்குள் மனிதக் காலை வைப்பதைப் பட்டறைச் சூழலில் எக்காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. அழுத்தம் விடுவிக்கும் வால்வு, கண்ணாடித் தடுப்பு இரண்டும் இல்லாமல் போலிக்கால் சோதனையையும் தொடங்க வேண்டாம்.

15. நிலவு இல்லாமல் நிலவுக்கான பூட்ஸை எப்படிச் சோதிக்கிறார்கள்?

எந்தச் சோதனையும் முழு நிலவைத் தருவதில்லை. ஹூஸ்டனில் உள்ள பெரிய நீச்சல் தொட்டியில் எடை கட்டி நிலவு ஈர்ப்பை உண்டாக்கலாம், ஆனால் நீரின் இழுவை நடையைக் கெடுக்கும். பாரபோலா விமானம் உண்மையான குறை ஈர்ப்பைத் தரும், ஆனால் ஒரு தடவைக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. மேலிருந்து கம்பியால் உடல் எடையின் ஒரு பகுதியைத் தாங்கும் ஏற்பாட்டில் நெடுநேரம் நடக்கலாம், ஆனால் பூட்ஸின் எடையும் காலின் எடையும் பூமியின் எடையாகவே இருக்கும். அரிசோனாவின் எரிமலை நிலங்களில் நடந்து பார்ப்பது தரையின் கரடுமுரடுக்கு நல்லது. இவற்றின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதே வழி.

மண்ணைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் உள்ள அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்து இஸ்ரோ உருவாக்கிய நிலவு மண் மாதிரியில்தான் சந்திரயான்-2இன் இறங்குகலமும் ஊர்தியும் சோதிக்கப்பட்டன. அதன் தயாரிப்பு முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது. சோல் தேய்மானச் சோதனைக்கு அத்தகைய மண் ஏற்றது. ஒரே எச்சரிக்கை: கேள்வி 11இல் சொன்ன உருகி உறைந்த கண்ணாடித் துணுக்குகள் அரைத்த பாறையில் இருக்காது என்பதால், அதில் கிடைக்கும் தேய்மானம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். அரைத்த தூசி நுரையீரலுக்குக் கேடு. முகமூடி இல்லாமல் கையாளக் கூடாது.

16. பிராடா, ரீபாக் எல்லாம் வருகிறார்களே, இது வெறும் விளம்பரமா?

விளம்பரமும் உண்டு, வேலையும் உண்டு. நிலவு உடைக்கான ஒப்பந்தத்தை நாசா 2022இல் ஆக்ஸியம் ஸ்பேஸ் நிறுவனத்துக்கு அளித்தது. அதனோடு இத்தாலியின் ஆடம்பர ஆடை நிறுவனமான பிராடா சேர்ந்திருப்பது 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகு மிலன் நகரில் வெளியுறையின் வடிவத்தைக் காட்டினார்கள். அதுபோல, 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் விண்வெளிப் பயணத்தில் அணிந்த ஸ்பேஸ்எக்ஸ் உடையின் பூட்ஸுக்கு, ராக்கெட்டின் இடைப்பகுதியில் பயன்படும் வெப்பக்காப்புப் பொருளையே பயன்படுத்தினார்கள். கேள்வி 13இன் பதிலைப் படித்தவர்களுக்கு, துணியும் தையலும் அறிந்த நிறுவனங்கள் இங்கே தேவைப்படுவதில் வியப்பிருக்காது.

17. நிலவுக்குச் செய்த பூட்ஸையே செவ்வாய்க்கும் கொண்டுபோகலாமா?

கூடாது. செவ்வாயில் மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது. அழுத்தம் சுமார் 0.6 கிலோபாஸ்கல்தான். ஆனாலும் கேள்வி 9இல் விளக்கிய பல அடுக்குப் படலக் காப்பைக் கெடுக்க அந்தச் சிறு அளவு வாயுவே போதும், ஏனெனில் அது படலங்களுக்கிடையே புகுந்து வெப்பத்தைக் கடத்தும். சோலில் மட்டும் இருந்த சிக்கல் அங்கே முழு உடைக்கும் வந்துவிடுகிறது. நுண்துளைகள் நிறைந்த ஏரோஜெல், நார்க் காப்பு போன்றவற்றுக்குப் போக வேண்டும். அவை பருமனானவை, பருமன் கூடினால் கேள்வி 7இன் கணுக்கால் மறுபடி இறுகும். ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம் என்பதால் பூட்ஸின் எடையும் நிலவில் இருப்பதைப் போல இரு மடங்குக்கு மேல் உணரப்படும். மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் உண்டு. அவை மனிதருக்கு நஞ்சு, எனவே தூசி உள்ளே வராமல் தடுப்பது இன்னும் கண்டிப்பாகிறது.

2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, தன் கருவி ஒன்றின் அளவீட்டுத் தட்டில் விண்வெளி உடைப் பொருள்களின் சிறு துண்டுகளை எடுத்துச் சென்றிருக்கிறது. வெளியுறைக்கான ஆர்த்தோ துணி, டெஃப்ளான், கையுறையில் பயன்படும் வெக்ட்ரான், முகக்கவசத்துக்கான பாலிகார்பனேட் ஆகியவை அவற்றில் அடங்கும். அங்குள்ள புற ஊதாக் கதிரிலும் தூசியிலும் அவை எப்படிச் சிதைகின்றன என்பதை ஊர்தி அவ்வப்போது அளக்கிறது. அந்தத் துண்டுகள் அசையாமல் இருப்பவை. மிதிபட்டு மடங்கும்போது அதே பொருள்கள் எப்படித் தேய்கின்றன என்ற தரவு, சுமை ஏற்றிய சோதனை எந்திரங்களில் இங்கேயே எடுக்கப்பட வேண்டியது.